ஒரு வாரத்துக்கு வந்தவன்

அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருதீங்களா? ஆங், போதும் போதும். இந்தப் பைய மடியிலயே வெச்சுக்கிடுதேன். மேல வெச்சா பிரேக் போடும்போது யார் தலையிலயாவது விழும். என்னா கனம் கனக்கு! ஒரு நாள் வேலையா திருநெல்வேலி போறவனுக்கு என் தங்கச்சி என்னத்தக் கட்டிக் குடுத்திருக்கான்னு தெரியல.

தப்பா நினைக்காதீங்க. உங்க தொப்பியில இருக்கே, அது எந்த நாட்டுக் கொடின்னு தெரியுமா? தெரியுமா! மருமகன் வாங்கிட்டு வந்தாரா. டல்லாஸா. சரி சரி, கழட்ட வேண்டாம், வெயிலுக்கு எந்தக் கொடியா இருந்தா என்ன. அந்தக் கொடியப் பத்தி முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்துனவன் நான், அதான் கேட்டேன். பேராசிரியர் கோமதிநாயகம். அரசியல் அறிவியல் துறை. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவோட வெளியுறவுக் கொள்கை, அதான் என் பேப்பர். பையன்க எனக்கு வெச்ச பேரே அமெரிக்கா. ‘அமெரிக்கா வருதுலே’ன்னு ஒருத்தன் சொன்னா வராண்டா காலியாயிரும்.

ஆனா நான் அங்க போனதே கிடையாது, பாத்துக்கிடுங்க. மகன் நியூஜெர்சியில இருக்கான். என் வீட்டுக்காரி மரகதம் இறந்ததுல இருந்து வாங்கப்பா, வாங்கப்பான்னு கூப்பிட்டான். எழுபத்தொண்ணுல நம்ம வங்காள விரிகுடாவுக்குள்ள போர்க்கப்பல அனுப்பி மிரட்டுனவன் ஊருக்கு நான் எதுக்குலே வரணும்னு கேட்டேன். ‘அப்பா, அப்ப நான் பிறக்கவே இல்ல’ன்னான். அது ஒரு பதிலா? அப்புறம் அவனும் கூப்பிடுறத விட்டுட்டான்.

நான் வருஷா வருஷம் ஒரே கேள்வி போடுவேன், பதினஞ்சு மார்க்குக்கு. ‘வியட்நாமிலிருந்து அமெரிக்கா ஏன் முன்பே வெளியேறவில்லை?’ எல்லாரும் நோட்ஸ்ல உள்ளத அப்படியே எழுதுவாங்க. ஒரு பிள்ளை மட்டும், கடையநல்லூர்ல இருந்து வரும், வேற என்னமோ எழுதி வெச்சிருந்துச்சு. ரெண்டு மார்க் போட்டேன். அத அப்புறம் சொல்லுதேன்.

டிக்கெட்டா? ஜங்ஷன் ஒண்ணு குடுங்க தம்பி. நீங்க எங்க இறங்குதீங்க அண்ணாச்சி? பேட்டையா. நல்லதாப் போச்சு, ஒன்றரை மணி நேரம் பேச்சுத் துணை. அந்த சீட்டா? அது காலியாத்தான் இருக்கு, ஆனா வெயில் பக்கம். இங்கயே இருங்க.

என் தங்கச்சி பேரு உலகம்மாள். சுரண்டையில கட்டிக் குடுத்தது. பிள்ளை இல்ல. மாப்பிள்ளை சண்முகவேல் போய்ச் சேந்து மூணு வருஷம் ஆகுது. பெரிய வீடு. இந்தப் பாதி அவளுக்கு, அந்தப் பாதி மாப்பிள்ளையோட தம்பி குற்றாலிங்கத்துக்கு. நடுவுல பதினோரு அடி அகலத்துல ஒரு நடை, அது பொது. வாசல்ல இருந்து பின்னால கிணறு வரைக்கும் போகும். குற்றாலிங்கம் மார்க்கெட்ல காய்கறி கமிஷன் மண்டி வெச்சிருக்கான். அவனுக்கு ஒரே மக, ஆவுடை. அந்தப் பிள்ளைய என் தங்கச்சிதான் வளத்தான்னு வைங்க. சடை போடுறது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது, சீக்கு வந்தா கூட இருக்கிறது எல்லாம் பெரியம்மாதான். இப்பவும் எங்க இருந்து வந்தாலும் அந்தப் பிள்ளை முதல்ல பெரியம்மா வீட்டுப் படிதான் ஏறும். ஏறும்னா, ஏறிக்கிட்டு இருந்துச்சு.

மரகதம் போனப்புறம் பாளையங்கோட்டை வீட்டுல நான் ஒத்தையாளு. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு உலகுக்குப் போன் போடுவேன். போன வருஷம் தை மாசம் அப்படிப் பேசிக்கிட்டு இருக்கும்போது சொன்னா: “கொழுந்தன் நடையில வெங்காய மூட்டைய அடுக்கி வெச்சிருக்காவண்ணே. நடக்க முடியல. வாடை வேற.”

நான் நிமிந்து உக்காந்துட்டேன் அண்ணாச்சி. ஆக்கிரமிப்பு! இன்னைக்கு வெங்காய மூட்டை வெச்சவன் நாளைக்குக் கிணத்துக்குப் போற வழிய அடைப்பான். நாளன்னைக்கு அடுக்களை வரைக்கும் வருவான். ஒரு வாரம் வந்து இருந்து பாக்கேன்னேன். “அய்யோ, வேண்டாம்ணே. நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்”னா. நெருக்கடியில இருக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாமதான் புரிஞ்சுக்கிடணும்.

ரெண்டு வேட்டி, மூணு சட்டையோட போனேன். சும்மா ஆலோசனை சொல்லத்தான். முதல் நாளே டேப் வெச்சு நடைய அளந்து, வரைபடம் போட்டு, எந்த மூட்டை எத்தன அங்குலம் நம்ம பக்கம் வந்திருக்குன்னு குறிச்சு வெச்சேன். குற்றாலிங்கம் காபி குடிச்சிக்கிட்டே பாத்தான். “அத்தான், விலை ஏறுனதும் ரெண்டு வாரத்துல எடுத்துருவேன். மதினிக்குச் சிரமமா இருந்தா இன்னைக்கே கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வெச்சிருதேன்”னான். எவ்வளவு பணிவு பாத்தீங்களா? எனக்கு அந்தப் பணிவு மேலதான் சந்தேகம். எழுத்துல குடுன்னேன். சிரிச்சான். சிரிச்சது எனக்குப் பிடிக்கல.

ஒரு வாரம் ரெண்டு வாரமாச்சு. பாளையங்கோட்டை வீட்ட ஒரு பேங்க்காரருக்குப் பதினோரு மாச அக்ரிமெண்ட்ல வாடகைக்கு விட்டேன். ஒரு வாரத்துக்குப் போனவன் எதுக்குப் பதினோரு மாசத்துக்கு வீட்ட விட்டேன்னு நீங்க கேக்கலாம். எதுவும் கேக்கலையா? சரி. கேட்டா பதில் இருக்கு. பாதியில விட்டுட்டு வந்தா எதிராளிக்குத் தைரியம் வந்துரும்.

இதுல ஒரு விஷயம் சொல்லணும். அமெரிக்காக்காரன் வியட்நாமுக்கு முதல்ல என்ன அனுப்புனான் தெரியுமா? பட்டாளம் இல்ல. ஆலோசகர்கள். சில நூறு பேர். யோசனை மட்டும் சொல்லுவோம், சண்டை நீங்க போடுங்கன்னாங்க. அறுபத்தெட்டுல எத்தன பேரு? அஞ்சு லட்சத்துக்கு மேல! இத நான் கிளாஸ்ல சொல்லும்போது மேசையில ஒரு தட்டு தட்டுவேன். கடைசி பெஞ்சு முழிச்சிரும். ‘யாரு கூப்பிட்டா உன்ன? யாரு வீடு அது?’ன்னு கத்துவேன். பிரின்சிபால் ரூம் வரைக்கும் கேக்கும்.

எங்க விட்டேன்? ஆங், சாப்பாட்டு விஷயத்துக்கு வாரேன். உலகுக்கு ஒரு பழக்கம். மத்தியானம் குழம்பு இறக்குனதும் முதல் கரண்டி ஒரு எவர்சில்வர் கிண்ணத்துல ஊத்தி, பின்பக்கத்துச் சுவர் மேல வெப்பா. ஆவுடை வந்து எடுத்துக்கிடும். திரும்பி வரும்போது அதே கிண்ணத்துல அவங்க வீட்டுக் கூட்டோ பொரியலோ வரும். இருபது வருஷப் பழக்கமாம். நான் நிறுத்தச் சொன்னேன். ஒரு பக்கம் தகராறு, இன்னொரு பக்கம் புளிக்குழம்புன்னா எவன் நம்மள மதிப்பான்? மறுநாள் உலகு கரண்டிய எடுத்துக்கிட்டுக் கிண்ணம் இருக்கிற இடத்தப் பாத்தா. கிண்ணம் அந்த வீட்டுல மாட்டிக்கிச்சு. அதுல இருந்து அவ குழம்பே ஒழுங்கா வெக்கதில்ல. ரசந்தான். பதினாறு மாசமா ரசம்.

அப்புறம் தண்ணி. கிணத்து மோட்டார் கனெக்ஷன் மாப்பிள்ளை பேருல இருந்தது. அத ஆஃப் பண்ணி, மோட்டார் ரூமப் பூட்டிச் சாவிய எடுத்துட்டேன். மூணு நாளுல வந்து பேசுவான்னு கணக்குப் போட்டேன். ஒரு வாரத்துல போர் போட்டுட்டான். நல்ல தண்ணி, எண்பது அடியில. இப்ப அவன் வீட்டுல தோட்டமே இருக்கு. கியூபாவுக்குத் தடை போட்டு அறுபது வருஷமா என்னத்தக் கண்டான் அமெரிக்காக்காரன்? அந்த மடத்தனத்த நான் ஒரு முழு பீரியடு நடத்துவேன். நம்ம விவகாரத்துல என்னன்னா, கொஞ்சம் முன்னாலயே ஆஃப் பண்ணியிருக்கணும்.

மாறாந்தை தாண்டிட்டோமா? இன்னும் இல்லையா. ஏன் அண்ணாச்சி அடிக்கடி மணி பாக்கீங்க?

இப்ப முக்கியமான இடத்துக்கு வாரேன். பங்குனி மாசம் பால்காரர் ஒரு தகவல் சொன்னார். குற்றாலிங்கம் வீட்டுக்குப் பத்திரம் எழுதுறவர் வந்தாராம். முத்திரைத்தாளோட. நான் யோசிச்சேன். பிள்ளை இல்லாத அண்ணன் செத்துப் போயிருக்கான். தம்பி முத்திரைத்தாள் வாங்குதான். வேற என்னவா இருக்கும்? கள்ள உயில்! அந்த நடைக்கு அந்தப் பக்கம், பொது அறையில ஒரு பச்சை பீரோ உண்டு. அதுக்குள்ளதான் இருக்கணும். ராத்திரி பகலா யோசிச்சு யோசிச்சு, எனக்கு அந்த உயில் கண்ணு முன்னால தெரிய ஆரம்பிச்சிட்டு. மேல கையெழுத்து, கீழ சாட்சி, எல்லாம் தெரியுது.

உலகு கால்ல விழாத குறை. “அண்ணே, அவிய அப்படிப்பட்டவிய இல்ல. கம்ப்ளெய்ன்ட் எல்லாம் குடுக்காதண்ணே. ஆவுடைக்கு வரன் பாக்காவ.” உனக்குத் தெரியாதும்மா, நீ வெள்ளந்தின்னேன். அவ பேருலயே எழுதி, அவ கையப் பிடிக்காத குறையாக் கையெழுத்து வாங்கிப் போலீஸ்ல குடுத்தேன்.

ரெண்டு போலீஸ் வந்தாங்க. தெருவே கூடிட்டு. குற்றாலிங்கம் தானா வந்து சாவியக் குடுத்தான். பீரோவத் திறந்தா மாப்பிள்ளையோட ரெண்டு சட்டை, துவைச்சு மடிச்சு வெச்சது. மூக்குக் கண்ணாடி. கடைசியா ஆஸ்பத்திரியில குடுத்த மருந்துச் சீட்டு. ஆவுடை சின்னதுல வரைஞ்ச ஒரு படம், மீசை வெச்ச ஆள், கீழ ‘பெரியப்பா’ன்னு எழுதியிருந்துச்சு. அவ்வளவுதான். உலகு அந்தக் கண்ணாடிய எடுத்து முந்தானையில துடைச்சா. துடைச்சுக்கிட்டே இருந்தா. குற்றாலிங்கம் பொண்டாட்டி வந்து அவ கையில இருந்து வாங்கி உள்ள வெச்சிட்டுப் பீரோவப் பூட்டுனா.

முத்திரைத்தாள் எதுக்குன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. மூட்டை வெக்கிறதுக்கு மார்க்கெட் பக்கத்துல ஒரு குடோன் வாடகைக்குப் பிடிச்சிருக்கான். அந்த அக்ரிமெண்ட்டு. அந்த வாரமே நடையில இருந்த அம்புட்டு மூட்டையும் போயிட்டு.

நீங்க என்ன நினைக்கீங்கன்னு தெரியும். ரெண்டாயிரத்து மூணுல ஈராக்ல அணுகுண்டு இருக்கு, விஷக்குண்டு இருக்குன்னு உள்ள போய், ஒண்ணையும் காணாம நின்னாங்களே, அது மாதிரின்னுதானே? அது வேற அண்ணாச்சி. அவங்களுக்கு வந்தது பொய்த் தகவல். நம்ம பால்காரர் சொன்னது உண்மை. முத்திரைத்தாள் வந்துச்சா இல்லையா? வந்துச்சுல்லா! பீரோவுல இல்லைங்கிறதால உயிலே இல்லன்னு ஆயிருமா? அதுவும் ஈராக்ல அவங்க போட்ட குண்டுல எத்தன உசுரு போச்சு. இங்க என்ன போச்சு? ஒரு வரன் தட்டிப் போச்சு. போலீஸ் வந்த வீடுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒதுங்கிட்டாங்க. இப்ப அத விட நல்ல இடமா அமைஞ்சிருக்குன்னு கேள்வி.

அதுக்கப்புறம் ஆவுடை எங்க படி ஏறல.

மூட்டை போயிட்டே, கிளம்ப வேண்டியதுதானேன்னு உலகு கேட்டா. நேரடியாக் கேக்கல. “பாளையங்கோட்டையில வீட்டச் சுத்திப் பாத்துட்டு வரலாம்லாண்ணே”ன்னா. நான் ஒரே கேள்விதான் கேட்டேன். போன மூட்டை திரும்பி வராதுன்னு யாரு உத்தரவாதம் தருவா? அன்னைக்கே வெல்டிங்காரரக் கூப்பிட்டு நடைக்கு நடுவுல ஒரு இரும்பு கேட் போட்டேன். ஏழடி உயரம். உலகு வெளிய போகணும்னாலும் அதுதான் வழி. மேல ஈட்டி ஈட்டியா கம்பி. நடை வாசல்ல ஒரு கேமரா. பூட்டுக்கு ரெண்டு சாவி, ரெண்டும் என் அரைஞாண் கயித்துல. இந்தா பாருங்க. அவகிட்ட ஒண்ணு குடுத்தா இரக்கப்பட்டுத் திறந்து விட்டுருவா.

அப்படியே நாள் போச்சு. காலையில காபி குடிச்சதும் பிளாஸ்டிக் சேரப் போட்டு கேமரா டிவி முன்னால உக்காருவேன். மத்தியானம் வரைக்கும் பாப்பேன். சாப்பிட்டு வந்து திரும்பப் பாப்பேன். ஒரு வெள்ளைப் பூனை வரும், கேட் கம்பிக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போகும், திரும்பி வரும். அது தவிர எதுவும் வராது. குற்றாலத்துல சீசன் வந்துச்சு, சாரல் சுரண்டை வரைக்கும் அடிச்சுது. போகணும்னு ஆசை. போக முடியல. நான் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் என்ன நடக்கும்னு இருக்கு. உலகு சன்னலத் திறந்தா மூடச் சொல்லுவேன். அவ உள்ள இருந்து என்னப் பாப்பா, நான் டிவியப் பாப்பேன். மூச்சு முட்டும் அண்ணாச்சி. நெசமாவே முட்டும். ஆனா எந்திரிச்சு வெளிய போறதுக்கு ஒரு காரணம் வேணும்லா. வந்ததுக்கு அம்புட்டு காரணம் இருந்துச்சு. போறதுக்கு ஒண்ணு கிடைக்கல.

போன வாரம் ஒரு சம்பவம். அத நினைச்சாத்தான் உலகு மேல எனக்கு வருத்தம். குற்றாலிங்கமும் பொண்டாட்டியும் வந்தாங்க. பட்டு வேட்டி. கையில தாம்பாளம், வெத்தலை பாக்கு, பழம், பூ, மேல கல்யாணப் பத்திரிகை. ஆவுடைக்குக் கல்யாணம். எங்க பக்கத்துல சொந்தத்த அழைக்கிறதுன்னா வீட்டுக்குள்ள வந்து, உக்காந்து, தாம்பாளத்த ரெண்டு பேருமாச் சேந்து கையில குடுக்கணும். வாசல்ல நின்னு நீட்டுனா அழைப்பு இல்ல. அப்படி அழைச்சா போகவும் முடியாது. உங்களுக்கும் தெரியுமே.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. “அத்தான், பிள்ளைக்குக் கல்யாணம். மதினிய அழைக்க வந்திருக்கோம். திறங்க”ன்னான்.

“திறக்கேன். முதல்ல நடை பொது, மூட்டை வெக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு”ன்னேன்.

“அத்தான், கையில தாம்பாளம் இருக்கு.”

“வீட்டுல வெச்சிட்டு வந்து கையெழுத்துப் போடு.”

சொல்லுங்க அண்ணாச்சி, அவனுக்கு நம்மகிட்ட ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிற நேரத்துலதானே நிபந்தனை போட முடியும்? உலகு உள்கதவு பக்கத்துல வந்து நின்னா. “அண்ணே, திறயேன்”னா. சத்தமே இல்ல. “பேசாம இரு உலகு, இப்பத்தான் கை கூடி வருது”ன்னேன். அரை மணி நேரம் நின்னாங்க. அந்தம்மா தாம்பாளத்தக் கை மாத்தும்போது பழம் ஒண்ணு உருண்டு கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டு. அப்புறம் போயிட்டாங்க. உலகு வந்து அந்தப் பழத்த எடுத்தா. அலமாரியில வெச்சா. அது அங்கயே இருந்து கறுத்துச்சு. எடுக்கவும் விடல, திங்கவும் இல்ல.

மூணாவது நாள் அவளா வந்து, “அண்ணே, பாளையங்கோட்டையில பெரிய வக்கீல்ட்ட வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கேன். கோர்ட்டு லீவு, ஓய்வா இருப்பாராம். நீ போய் நம்ம கேஸ விவரமாச் சொல்லிட்டு வா”ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பதினாறு மாசத்துல முதல் தடவையா அவளா அக்கறை எடுத்திருக்கா. காலையில என்ன வழியனுப்ப இரும்பு கேட் வரைக்கும் அவளே வந்தா. என் பைய அவளே தூக்கிட்டு வந்தா. என்னைக்கும் இல்லாம குனிஞ்சு என் கால்ல விழுந்து கும்பிட்டா. கேட் முன்னால. வியாழக்கிழமைன்னா இன்னைக்குத்தான் ஆவுடை கல்யாணம், மனசு கஷ்டமா இருக்கும் அவளுக்கு. கேட்டப் பூட்டிட்டுத்தான் வந்தேன். பத்திரமா உள்ள இருக்கட்டும்.

இருங்க, நடை வரைபடம் இருக்கு, காட்டுதேன். அந்தப் பதினோரு அடிய நீங்களே பாருங்க. பைக்குள்ள எங்கயோ... இது என் சட்டை. இதுவும் சட்டை. வேட்டி. எதுக்கு இத்தன வேட்டி? ஒரு நாளுக்கு... ஷேவிங் செட்டு. பிரஷர் மாத்திரை, மூணு மாசத்துக்கு உள்ளது. இந்தப் பெரிய துண்டுக்குள்ள என்ன? கொஞ்சம் பிடிங்க.

மரகதம் போட்டோ.

நான் படுக்கிற அறையில மாட்டியிருந்தேன். ஆணிய விட்டுக் கழட்டித் துண்டுல சுத்தி வெச்சிருக்கா.

கேஸ் கட்டு இல்ல. ஒரு காயிதம் கூட இல்ல. கல்யாணப் பத்திரிகைதான் ஒண்ணு இருக்கு. எப்ப வாங்குனா இத? பின்பக்கச் சுவர் வழியா வந்திருக்கும். பாருங்க, அழைக்கிறவங்க பேருல முதல் பேரு, ‘மணமகளின் பெரியம்மா உலகம்மாள் சண்முகவேல்’. அவங்க அப்பா பேருக்கும் மேல. என்னக் கேக்காம அச்சடிச்சிருக்காங்க.

போன் அடிக்குது. அவதான். ஒரு நிமிஷம் அண்ணாச்சி.

ஹலோ... உலகு... பஸ்ல இருக்கேன். சீதபற்பநல்லூர் தாண்டிட்டு. என்ன மேளச் சத்தம்?... கேக்கல, சத்தமாச் சொல்லு... சாவி என்கிட்டல்லா இருக்கு, எப்படி வெளிய வந்த?... யாரு? வெல்டிங்காரரா? கேட்டையேவா? ... ம்... ம்... வக்கீல்ட்ட நேரம் வாங்கலையா... சரி... சாப்பாடு இருக்கு, பையில இருக்கு... ஏட்டி, அங்க பேங்க்காரர் குடும்பத்தோட... யாரு சொன்னா? ... பாளையங்கோட்டை எதிர்த்த வீட்டு அம்மாவா... எப்ப கேட்ட?... சரிம்மா... இல்ல, கோவம் இல்ல... போ, உன்னக் கூப்பிடுதாங்க. போ.

வெச்சிட்டா.

அந்தக் கேட்டப் போட்ட அதே ஆளு வந்து காலையில கழட்டிட்டுப் போயிட்டாராம். நான் பஸ் ஏறுன அரை மணி நேரத்துல. இந்த ரெண்டு சாவிய என்ன செய்யுறது?

அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். பேங்க்காரரு தை மாசமே காலி பண்ணிட்டாரு. மாற்றலாகிப் போயிட்டாரு. நாலு மாசமா வீடு பூட்டித்தான் கிடக்கு. உலகுக்குச் சொல்லல. சொன்னா கிளம்பணும்லா. அங்க போய் என்ன செய்ய? காலையில எந்திரிச்சு எந்தப் பக்கம் திரும்புனாலும் சுவரு. நாலு மணிக்குப் போன் போட இனி அவளும் எடுப்பாளோ மாட்டாளோ. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், பயமா இருக்கு.

அந்தக் கடையநல்லூர்ப் பிள்ளை எழுதுனதச் சொல்லலையே. ஒரே வரிதான். ‘வீட்டுக்குப் போனால் அவர்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.’ பதினஞ்சு மார்க் கேள்விக்கு ஒரு வரி. பாடத்துல இல்லாதத எழுதியிருக்கியேன்னு வகுப்புல எந்திரிச்சு நிக்க வெச்சேன். பேரு கூட ஞாபகம் இல்ல.

பேட்டை வந்துட்டா? கண்டக்டர் விசில் அடிக்காரு. இருங்க, கால ஒதுக்குதேன். போட்டோவக் குடுங்க. பாத்து இறங்குங்க, படி உயரம்.

அண்ணாச்சி! ஒரு நிமிஷம். நான் பஸ் ஏறும்போது போன்ல யார்ட்டயோ பேசிக்கிட்டு இருந்தீங்களே, பக்கத்து வீட்டு முருங்கமரத்துல இருந்து கம்பளிப்பூச்சி உங்க காம்பவுண்டுக்குள்ள விழுதுன்னு? சும்மா பேச்சுக்குச் சொன்னதா? இல்ல அண்ணாச்சி, அத அப்படி விடக் கூடாது. எனக்கு இன்னைக்கு வேற வேலை இல்ல. பையும் கையில இருக்கு. டேப் கூட இருக்கு. கண்டக்டர், நானும் இங்கயே இறங்கிக்கிடுதேன்.

ஒரு வாரம், அண்ணாச்சி. ஒரே ஒரு வாரம் வந்து இருந்து பாக்கேன்.